பூரிக்கட்டைக்கு எண்பத்தொன்று

ஆவணி 7, சனி

காலையிலிருந்து சாரல். துவைத்த திரைச்சீலை காயவில்லை. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். ஈரத் திரைதான் வரவேற்கும்.

கம்பத்தில் கடைக்குப் போய் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். முதலாளி பாய் காரணம் கேட்கவில்லை. எட்டு வருடமாக அந்தக் கண்ணாடிக் கடையில் ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறேன். சனிக்கிழமை மதியம் நான் லீவு கேட்டால் எதற்கென்று கம்பத்துக்கே தெரியும்.

செய்ய வேண்டியது:
– ஹாலில் கிடக்கும் தெளிப்பான், திராட்சை மருந்து டப்பாக்கள் அப்புறப்படுத்த (அப்பாவிடம் சொல்லியாயிற்று, நடக்காது)
– நீலச் சேலை, பிளவுஸ் கொக்கி
– காபித் தூள்
– அத்தையைச் சாந்தமாக வைத்திருக்க

கடைசியில் எழுதியதுதான் கஷ்டமானது. ராசாத்தி அத்தை, அப்பாவின் அக்கா. கே.கே.பட்டியிலேயே அடுத்த தெரு. எங்கள் வீட்டில் சுண்டல் தாளிப்பது முதல் சம்பந்தம் பேசுவது வரை அவள் தலைமை.

இதுவரை வந்து போனவர்கள்: போடி (ஜாதகம்). ஆண்டிபட்டி (உயரம்). கூடலூர் (ஜீப் மூன்று என்றார்கள், இருந்தது ஒன்று, அதுவும் அண்ணனுடையது). சின்னமனூர் (காரணம் இன்று வரை தெரியாது). ஆட்களின் பெயரை நான் எழுதுவதில்லை. ஊர் போதும். நாளைக்கு வருவது கடமலைக்குண்டு. சுருக்கமாக க.குண்டு. அங்கே மாட்டாஸ்பத்திரியில் கால்நடை ஆய்வாளர். போட்டோவில் கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். மாடாக இருக்கும்.

ஆவணி 8, ஞாயிறு

வந்தார்கள். க.குண்டு, அவர் அப்பா, அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர். தெளிப்பான் ஹாலிலேயே இருந்தது. அவர் அப்பா அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்போகிறார்கள்.

நான் நடையில் திரைக்குப் பின்னால். அப்பா கேட்டார், வேலை எப்படியென்று. க.குண்டு சொன்னது: "பெரும்பாலும் மாட்டுக்குச் சினை ஊசி போடுறதுதாங்க." அவருடைய அக்கா தம்பியின் தொடையில் கிள்ளினார். கிள்ளியது எனக்கு இங்கிருந்து தெரிந்தது. சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். ஜீப் மூன்று என்று சொன்ன வீட்டையும் பார்த்தாயிற்று. இவர் உள்ளதை உள்ளபடி சொல்கிறார்.

பிடித்துவிட்டது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

பிறகு கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. பஜ்ஜி சுட்டது அத்தை. அம்மா தட்டை நீட்டி, "எல்லாம் பிள்ளை கைப்பக்குவந்தேன்" என்றாள். நான் சட்டி பக்கமே போகவில்லை. எல்லா வீட்டிலும் சொல்கிற பொய்தான், போடிக்காரருக்கும் சொன்னது.

கொஞ்ச நேரத்தில் க.குண்டுவின் முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர். வாய் மூடியபடி. கையில் கட்டியிருந்த வாட்ச் கிர்ர் என்று அதிர்ந்தது. பக்கத்தில் அத்தை. அவள் சும்மா இருப்பாளா, மணிக்கட்டையே பிடித்துத் திருப்பிவிட்டாள். வாட்ச் முகத்தில் சிவப்பாக ஒரு இதயம், கீழே எண். அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, ரிட்டயர்டு கண்டக்டர். போர்டு எதைக் கண்டாலும் உரக்கப் படிப்பார். இதையும் படித்தார். நூற்று முப்பத்தெட்டு. அசையாமல் இருக்கும்போது துடிப்பு அதிகம்.

ஹால் அப்படியே நின்றது. எல்லாரும் வாட்சைப் பார்க்கிறார்கள். ஆள் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறார், அது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கூப்பிடாமலே செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். முழுச் செம்பையும் குடித்தார்.

அத்தை கேட்டாள், தம்பி இது என்ன சொல்லுது என்று. "நெஞ்சுத் துடிப்பு கூடுனாச் சொல்லும்மா. ஒண்ணுமில்ல." அந்த 'ஒண்ணுமில்ல'வைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர்கள் போன பிறகு என்னிடம் கேட்கப்பட்டவை:
– கூப்பிடாம எதுக்குடி வெளிய வந்த? (அத்தை)
– பஜ்ஜி மிச்சம் எத்தனை? (அம்மா)
– செம்பு எங்க? (அம்மா)
– மூஞ்சியெல்லாம் செவந்துச்சே, பாத்தியா? (மாமா)

மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்பது இதில் இல்லை.

ஆவணி 9, திங்கள்

வெயில். திரைச்சீலை இன்றைக்குத்தான் காய்ந்தது.

அத்தை காலையிலேயே ஆஜர். தீர்ப்பு: நெஞ்சில் கோளாறு. "முப்பத்திரண்டு வயசுல உக்காந்த எடத்துல இப்பிடி அடிச்சா, நாப்பதுல என்னாகும்? எம் பிள்ளை தாலிய நான் பாக்க வேணாமா?" அப்பா, வாட்ச் தப்பாகக் காட்டியிருக்கும் என்றார். மாமா, அப்படியானால் ஏன் சிவப்பில் காட்டுகிறது என்றார். சிவப்பு என்றால் அவருக்கு பஸ் நிற்க வேண்டும்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். கடையில் கம்ப்யூட்டர் செக்கிங் என்று ஒரு மெஷின் இருக்கிறது. தாடையை வைத்தால் அரை நிமிடத்தில் பவரைத் துண்டுச் சீட்டில் துப்பும். அந்தச் சீட்டை வைத்து யாருக்கும் கண்ணாடி போடுவதில்லை. அது ஆரம்பம். அதற்குப் பிறகு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, ஆளையே கேட்க வேண்டும். அதுபோல அவரையே கேட்டால் என்ன?

"கோளாறு இருக்கிறவன் இருக்குன்னு சொல்லுவானாக்கும்" என்றாள் அத்தை. முடிந்தது.

ஆவணி 10, செவ்வாய்

டவுன் பஸ்ஸில் கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் யாரென்றே தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை தப்பிச்சீங்க என்றாள். எனக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு ஒரு வால்வு இல்லையாம்.

கடையில் பாய் தயங்கித் தயங்கி விசாரித்தார். கூடலூரிலிருந்து வந்த கஸ்டமர் சொன்னாராம், கே.கே.பட்டியில் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை மயங்கி விழுந்து, ஜீப்பில் தூக்கிப் போட்டு ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்களாம். ஜீப் எங்கிருந்து வந்ததென்று கேட்டேன். பாய் லென்ஸ் துடைக்கப் போய்விட்டார்.

இரண்டு நாளில் செய்தி கூடலூர் வரை போய்விட்டது. இப்படியே போனால் வெள்ளிக்கிழமை காரியம் பண்ணிவிடுவார்கள்.

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கடை மதியத்துக்கு மேல். கொழுக்கட்டை, சுண்டல். அத்தை வந்து பூரணத்தில் வெல்லம் போதாது என்றாள்.

மாமா ஒரு வாட்சோடு வந்தார். கம்பத்தில் மொபைல் கடையில் வாங்கியது. க.குண்டு கட்டியிருந்த கம்பெனி இல்லை, ஆனால் அதே வேலை செய்யுமாம். "மெஷின மெஷின வச்சே சோதிக்கணும்" என்றார். எங்கள் குடும்பத்தில் விஞ்ஞானம் இன்றைக்குத்தான் கால் வைத்தது.

முதலில் அப்பா. கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கியபடியே திராட்சைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். வாட்ச் ஒன்றும் காட்டவில்லை, வெறும் கோடு. அதாவது அப்பா இல்லை. திரும்பி வரும்போது மொபெட்டில் குண்டும் குழியுமான வண்டிப்பாதை. வீட்டுக்கு வந்ததும் வாட்ச் குதித்தது: இன்றைய நடை இலக்கை அடைந்துவிட்டீர்கள், வாழ்த்துக்கள். அப்பாவுக்கு ஒரே பெருமை. நடக்கவே இல்லையே என்றாள் அம்மா. வாழ்த்துச் சொன்னால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

அடுத்து அத்தை. உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அதையும் நடை என்று கணக்கில் ஏற்றியது. மொச்சை தீரும்போது வாட்ச் கணக்கில் அத்தை கம்பத்துக்குப் போய்த் திரும்பியிருந்தாள். துடிப்பு நூற்று நான்கு. மாமா உரக்கப் படித்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. அதையும் படித்தார்.

அப்புறம்தான் அந்த யோசனை அப்பாவுக்கு வந்தது. உயிர் இல்லாததற்குக் கட்டினால் என்ன காட்டும்? சமையலறையிலிருந்து புடலங்காய் வந்தது. கட்டினோம். பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று யோசித்தது. தொண்ணூற்று இரண்டு. கேரட்டுக்குப் பிடிபடவில்லை, வார் பெரிதாகப் போய்விட்டது. பூரிக்கட்டைக்கு எண்பத்தொன்று. நிதானமாக, ஏற்ற இறக்கமில்லாமல், எண்பத்தொன்று. இந்த வீட்டிலேயே ஆரோக்கியமான நெஞ்சு பூரிக்கட்டைக்குத்தான்.

அப்பா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார். நானும் சிரித்தேன், மூன்று நாளில் முதல் தடவை. வாட்ச் பொய் என்று நிரூபணமாகிவிட்டது, இனி க.குண்டுதான் என்று நினைத்தேன்.

அத்தை புடலங்காயை முகர்ந்து பார்த்தாள். "இது இன்னைக்குப் பறிச்ச காய். உசிரு கொஞ்சம் இருக்கத்தேன் செய்யும்." பூரிக்கட்டை எப்போது பறித்ததென்று அவளிடம் யாராலும் கேட்க முடியவில்லை.

ஆவணி 12, வியாழன்

நேற்று ராத்திரி வாட்சை அம்மாவின் கையில் கட்டிவிட்டிருந்தார் மாமா, தூக்கத்தைச் சோதிக்க. காலையில் போனில் பார்த்தால்: ஆழ்ந்த உறக்கம், மிக நன்று, மதிப்பெண் தொண்ணூறுக்கு மேல். மாமா படித்துவிட்டு, நிம்மதியாத் தூங்கியிருக்க தங்கச்சி என்று பாராட்டினார்.

அம்மா வாட்சைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். கொத்தமல்லியைத் தேவைக்கு மேல் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு மூடலத்தா. பொரண்டு படுத்தா ஒங்க அப்பா முழிச்சுக்குவாகன்னு அசையாமக் கெடந்தேன்."

மீதிக் கொத்தமல்லியை நான் வாங்கி நறுக்கினேன்.

ஆவணி 13, வெள்ளி

செய்தி க.குண்டு இருக்கிற வருசநாட்டுப் பக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டது. க.குண்டுவின் அக்கா அப்பாவுக்குப் போன் செய்து பொரிந்து தள்ளினாராம். மாடு வைத்திருக்கிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஆஸ்பத்திரிக்கே வந்து தம்பியைப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். ஒரு பெரியவர் அழுதேவிட்டாராம். அவர் எருமைக்கு இனி யார் ஊசி போடுவதென்று.

சாயங்காலம் வாட்ஸப்பில் இசிஜி வந்தது. கூடவே டாக்டர் சீட்டு: எல்லாம் சரியாக இருக்கிறது. அப்பா போனை அத்தையிடம் நீட்டினார். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு (அந்தக் கண்ணாடி நான் போட்டுக் கொடுத்தது, வருத்தப்படுகிறேன்) கோடுகளை வெகு நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கிறவன் எதுக்கு இசிஜி எடுத்தான்?"

நீ சந்தேகப்பட்டாய் என்றுதான் எடுத்தார் என்றார் அப்பா. "நான் சந்தேகப்பட்டேன்னு ஓடிப்போயி எடுத்தான்னா, அவனுக்கே உள்ளுக்குள்ள சந்தேகம் இருந்திருக்கு."

அப்பா வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். கடைசியில் ஒரு வழி பிறந்தது. இன்னொரு தடவை வரட்டும், உட்காரட்டும், அதே வாட்சைக் கட்டிக்கொண்டு. தோட்டத்தில் திராட்சை வெட்டு, பார்க்க வாங்க என்று கூப்பிடுவது. க.குண்டு வீட்டில் என்ன மானக்கேடாக இருந்திருக்குமோ. ஆனாலும் ஞாயிறு வருகிறோம் என்றுவிட்டார்கள்.

ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. வேறு பெண் கிடைக்காத ஆள் இல்லை. இதைப் பற்றி ரொம்ப நேரம் யோசித்தேன்.

ஆவணி 15, ஞாயிறு

நீலச் சேலையையே மறுபடி கட்டக்கூடாதாம், ராசி. அரக்குச் சேலை. காதில் தோடு, ஜிமிக்கி, எல்லாம். கண்ணாடி முன்னால் நின்றபோது, பரவாயில்லை என்று எனக்கே தோன்றியது.

இந்தத் தடவை திராட்சையும் காபியும் மட்டும். பஜ்ஜிக்கு யாருக்கும் மனமில்லை.

அத்தை அவர் பக்கத்திலேயே, மணிக்கட்டுக்கு நேரே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. மாமா அந்தப் பக்கம், படிப்பதற்கு. நான் காபித் தட்டோடு ஹாலுக்கு வந்தேன். ஜிமிக்கி ஆடியது. ஒரு தலை திரும்பவில்லை. அத்தனை கண்ணும் வாட்சில்.

"எழுவத்திரண்டு" என்றார் மாமா.

நான் குனிந்து அவருக்கு முன்னால் டம்ளரை வைத்தேன். நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

"எழுவத்தொண்ணு."

குறைந்தது! என்னைப் பார்த்த பிறகு ஒன்று குறைந்திருக்கிறது.

அதற்கப்புறம் வீடே கலகலவென்று ஆகிவிட்டது. அப்பா கூடையோடு திராட்சையை அவர்கள் வந்த வேனில் ஏற்றினார். அம்மாவின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு ரத்த ஓட்டம். அத்தைகூட, பையன் திடமாத்தான் இருக்கான் என்றாள். எல்லாருக்கும் சந்தோஷம்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. பூரிக்கட்டையே எண்பத்தொன்று துடித்தது. என்னைப் பார்த்து எழுபத்தொன்றா? அப்படியானால் அன்றைக்கு அடித்துக்கொண்டதும் எனக்காக இல்லை. ஒரு வாரமாக நான்தான் மனதுக்குள் வேறு மாதிரி வைத்திருந்தேன். அசடு.

ஆவணி 16, திங்கள்

காற்று. தோட்டத்தில் இரண்டு கல்தூண் சாய்ந்துவிட்டதாக அப்பா காலையிலேயே போய்விட்டார்.

அத்தை திரும்பிவிட்டாள். தூங்கி எழுந்ததும் தோன்றியதாம். "கோளாறுன்னு காட்டுனப்ப வாட்ச் பொய்யின்னீக. புடலங்காய்க்கெல்லாம் கட்டிச் சிரிச்சீக. இப்ப நல்லாருக்குன்னு காட்டுனா மட்டும் மெய்யாயிருமா?"

அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். எட்டு வருடம் மெஷினோடு இருக்கிற எனக்கே அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூக் கேட்பதென்று முடிவு. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் நல்லது, சம்பந்தம் உண்டு. சிவப்பு வந்தால் இல்லை. இனி என் கல்யாணம் அம்மன் கையில். அதாவது பூசாரி கையில்.

கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிவிட்டேன். பாய் பார்த்துவிட்டு அவரே மாற்றி மாட்டினார்.

ஆவணி 18, புதன்

மழை இல்லை. ஓணம் வருகிறது, குமுளிப் பக்கம் போகிற ஜீப்பெல்லாம் பூவும் வாழையிலையும். ரோட்டில் இடமில்லை.

பதினோரு மணி வாக்கில் கடைக்கு ஒரு கஸ்டமர். நிமிர்ந்தால் க.குண்டு.

பாய் ஆளை அடையாளம் கண்டுகொண்டார் போல. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். அவர் கடைக்கு வெளியே டீ குடித்து நான் பார்த்ததில்லை.

"தூரத்துல கொஞ்சம் மங்கலாத் தெரியுதுங்க" என்றார். சரி, வந்தவர் கஸ்டமர். அட்டை எழுதினேன். பெயர்: பாலமுருகன். எழுதிவிட்டேன், இனி ஊர்ப் பெயர் வைத்து எழுத முடியாது.

மெஷினில் தாடையை வைக்கச் சொன்னேன். சாக்காக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. நிஜமாகவே இரண்டு கண்ணிலும் தூரப் பவர் இருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு நடையில் நின்ற என்னை?

"பச்சச் சேலன்னு தெரிஞ்சுச்சு."

நீலம். சொல்லவில்லை. சோதனை லென்ஸ் ஃபிரேமை மாட்டிவிட்டு, இருட்டறையில் எழுத்துப் பலகையைப் போட்டேன். முகம் பார்க்காமல் கேட்க அதுதான் வசதி. கேட்டுவிட்டேன், அன்றைக்கு எதற்கு அப்படி அடித்துக்கொண்டது என்று.

அவர் மூக்கின் மேல் ஃபிரேமைச் சரிசெய்துகொண்டார்.

"பஜ்ஜிங்க."

சட்டியிலிருந்து நேராக வந்த பஜ்ஜி. வாயில் போட்ட பிறகுதான் சூடு தெரிந்ததாம். மேலண்ணம் பொரிந்துவிட்டதாம். துப்ப வேண்டியதுதானே என்றேன்.

"பிள்ளை சுட்டதுன்னு ஒங்க அம்மா சொன்னாகளே. எப்பிடித் துப்புறது?"

நான் சுடவில்லை, அத்தை சுட்டது என்று உண்மையைச் சொன்னேன். அவர் நீளமாக மூச்சுவிட்டார். "அப்பவே சொல்லியிருந்தா துப்பியிருப்பேன்."

சிரித்துச் சிரித்து லென்ஸ் கைநழுவப் பார்த்தது. பிறகு, இருட்டில் இருக்கிற தைரியத்தில், ஞாயிற்றுக்கிழமை எழுபத்தொன்றையும் கேட்டேன். கேட்கும்போது என் குரலில் கோபம் இருந்தது. மறைக்கவில்லை.

"மொத நாளே முடிவு பண்ணிட்டேங்க. அத்தனை பேரும் வாட்ச்சத்தேன் பாத்தாக. நீங்க ஒரு ஆளுதான் தண்ணி கொண்டாந்தீக. முடிவு பண்ணுன பெறகு எதுக்குப் படபடக்கணும்? மாடுகூட ஆள் தெரிஞ்சிருச்சுன்னா கம்முன்னு நிக்கும்."

மாடு என்று அவர் சொன்னது தன்னைத்தான். இரண்டு தடவை யோசித்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

லென்ஸை மாற்றினேன். இது தெளிவா, முன்னால் வைத்தது தெளிவா என்று கேட்டேன். இதுதான் என்றார். பலகையைப் பார்க்காமல் சொன்னார். எழுத்தைப் பாருங்க என்றேன்.

போகும்போது கேட்டார்: "ஒங்களுக்கு எப்பிடி? சம்மதமா?"

பாய் அந்த நேரம் பார்த்து டீயை முடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடி திங்கட்கிழமை ரெடியாகும் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். எத்தனை பேரிடம் எது தெளிவு என்று கேட்கிறேன். என்னைக் கேட்டால் வாய் வரவில்லை.

ஆவணி 20, வெள்ளி

மிலாது நபி. கடை லீவு. ஓணமும் இன்றைக்குத்தான். பூ விலையைக் கேட்டு அத்தை பூக்காரியிடம் சண்டை போட்டுத்தான் பொட்டலத்துக்கான பூவே வாங்கினாளாம்.

நானும் அம்மாவும் கோயிலுக்குப் போகக்கூடாது என்றுவிட்டாள். அத்தை, அப்பா, மாமா போனார்கள். காலையிலிருந்து மூன்று வேலையைத் தொடங்கி எதையும் முடிக்கவில்லை. ஊறப்போட்ட துணி இன்னும் ஊறுகிறது.

மதியம் வந்தார்கள். மாமாதான் முன்னால், சிரித்த முகம். வெள்ளைப்பூ. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கால் தரையில் இல்லை.

அத்தை பின்னால் வந்தாள். முகம் கறுத்திருந்தது. உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு சொன்னாள். பூசாரி எடுக்கிற நேரம் அவள் மனதில் ஓடியது 'நல்லபடியா முடியுமா ஆத்தா' என்பது இல்லையாம். பத்து நாளாக அதையே நினைத்த மனசு. 'இவனுக்கு நெஞ்சுல கோளாறு இருக்கா ஆத்தா' என்று கேட்டுவிட்டாளாம். வெள்ளை வந்துவிட்டது. அப்படியென்றால் அம்மன் 'ஆமா' என்றுதானே அர்த்தம்?

மாமா கத்தினார், வெள்ளை என்றால் வெள்ளைதான் என்று. முப்பது வருடத்தில் அவர் அத்தையை எதிர்த்து நான் கேட்டதில்லை. கேட்டவளுக்குத்தான் தெரியும் என்ன கேட்டேன் என்று, என்றாள் அத்தை. இன்னொரு தடவை பூப் போடலாமா என்று அம்மா. "சாமிகிட்ட மறுபடி மறுபடி கேட்டா அது நம்பிக்கையா?" அத்தை அழுதாள். நடிப்பு இல்லை. நிஜமாகவே பயந்திருக்கிறாள், எனக்காக. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏசிவிட்டால் பதில் பேசலாம்.

அப்பா தூணில் சாய்ந்து நின்றார். பதிமூன்று நாள் அலைச்சலும் முகத்தில் இருந்தது. "விட்ருவோம்க்கா. சந்தேகத்தோட ஒரு பிள்ளைய அனுப்ப வேணாம். அந்த வீட்டையும் இதுக்கு மேல அலைக்கழிக்கக்கூடாது" என்றார். போனை எடுத்தார்.

வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று ஆரம்பிப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மணி போனது. எடுத்துவிட்டார்கள். அப்பா செருமினார்.

"எனக்கு அவுகளப் பிடிச்சிருக்குப்பா."

சொன்னது நான்தான். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அத்தை மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று தெரிந்தது. "நெஞ்சுல என்ன இருந்தாலும் சரி. எனக்குப் பிடிச்சிருக்கு."

அப்பா போனைக் காதிலேயே வைத்திருந்தார். அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்பது எனக்கே கேட்டது.

"ஒன்னய ஒரு வார்த்தை கேக்கலையேத்தா நாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. போனை மூடவில்லை, அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு போனில் பேசினார். செருமவில்லை.

"ஒண்ணுமில்ல சம்பந்தி. பொண்ணு பேசிக்கிட்டிருந்துச்சு."